ஏழு நாற்பது மிஸ்டு கால்

மதுரையில் யாரை வேண்டுமானாலும் அண்ணே என்று கூப்பிட்டுவிடலாம். டீக்கடைக்காரர் அண்ணே, ஆட்டோக்காரர் அண்ணே, ஹெல்மெட் எங்கே என்று கேட்டு மறிக்கிற போலீஸ்காரரும் அண்ணே. என்னைவிடப் பத்து வயது சின்னவனைக்கூட அண்ணே என்று கூப்பிட்டுத்தான் நான் கத்திரிக்காய் வாங்குகிறேன். அப்படிப்பட்டவள் இரண்டு வருடமாக ஒரே ஒரு ஆளை மட்டும் அண்ணே என்று கூப்பிடாமல் இருந்தேன். எனக்கே தெரியாமல் அப்படி இருந்தேன் என்று சொன்னால் அது பொய்.

அவர் பெயர் பால்பாண்டி. பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து செல்லூர் வழியாக அலங்காநல்லூர் போகிற தனியார் பேருந்தில் கண்டக்டர். நான் செல்லூரில் ஒரு மாடி வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். கீழே விசைத்தறி ஓடும். வேலை அலங்காநல்லூரில், ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பதினெட்டு வருடமாக ரத்தம் எடுக்கிறேன். வாடிவாசலில் மாட்டை மறித்து நிற்கிற ஆட்கள் என் ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்வார்கள். தமிழ்ச்செல்வி மேடம் குத்தினால் தெரியாது, திட்டினால்தான் வலிக்கும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அதை நான் மறுத்ததில்லை.

அவருக்கும் எனக்கும் பழக்கம் தொடங்கியது சண்டையில்தான். ஏழே முக்காலுக்கு வர வேண்டிய வண்டி ஒரு நாள் எட்டேகாலுக்கு வந்தது. ஏறியதும் ஏறாததுமாகப் பிடித்துக்கொண்டேன்.

"அரை மணி நேரமா வெயில்ல நிக்கிறோம். நாங்க என்ன ரோட்டுல காயப்போட்ட கருவாடா?"

வண்டியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "நம்பர் குடுங்க மேடம். வண்டி சிம்மக்கல் தாண்டுனதும் ஒரு மிஸ்டு கால் குடுக்குறேன். அதப் பாத்துட்டு வீட்ல இருந்து கெளம்புங்க" என்றார்.

மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு என் போன் ஒரே ஒரு மணி அடித்து நின்றது. அந்த நம்பரை 'அலங்காநல்லூர் வண்டி' என்று போட்டு வைத்தேன். அன்றிலிருந்து வேலை நாளில் ஒரு நாளும் அது தப்பியதில்லை. ஒரு மணி அடிக்கும், நிற்கும். நான் படியிறங்கித் தெருமுனைக்குப் போவதற்கும் வண்டி வருவதற்கும் சரியாக இருக்கும். இரண்டாவது வரிசை ஜன்னலோரத்தில் அவருடைய சிவப்புத் துண்டு கிடக்கும். யாராவது உட்காரப் போனால், "ஆள் வருது" என்று சொல்லித் தடுத்துவிடுவார். நான் ஏறியதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவர் மாதிரி அடுத்த டிக்கெட்டுக்குப் போய்விடுவார்.

இவ்வளவுதான். இரண்டு வருடமும் இவ்வளவேதான். இதில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. தறியும் ஓடாது, போனும் அடிக்காது. ஏழு நாற்பதுக்குக் கையில் காபியை வைத்துக்கொண்டு சும்மா கிடக்கிற போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. அப்பா அம்மா போனபிறகு தம்பி முத்துக்குமரனைப் படிக்க வைக்க வேண்டியிருந்தது. வந்த மாப்பிள்ளைகளிடம், தம்பி படிப்பு முடியட்டும் என்று சொன்னேன். அவன் படித்து முடித்து அமெரிக்கா போனான். அதற்குள் மாப்பிள்ளைகள் வருவது நின்றுவிட்டது. நான் யார்மேலும் குறை சொல்லவில்லை. அவன் நல்ல பிள்ளை, வாரம் இரண்டு முறை வீடியோவில் வந்து, அக்கா சாப்பிட்டியா என்று கேட்பான். சாப்பிட்டேன் என்று சொல்வேன். அதற்குமேல் அவனும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

பால்பாண்டிக்கு என்னைவிட நாலைந்து வயது கூடுதல் இருக்கும். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகளைத் தேனியில் கட்டிக் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் கூட்டம் இல்லாத சாயங்காலங்களில், காலியான சீட்டுகளைப் பார்த்து அவர் சொன்னவை. என்னைப் பார்த்துச் சொன்னது ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான்.

அன்று வேலை முடிந்து திரும்பி வரும்போது வண்டியில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். சிக்கந்தர்சாவடியில் இரண்டு பேர் இறங்கியதும், அவர் வந்து முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேடம், ஒண்ணு கேப்பேன். கோவப்படக் கூடாது."

"கேக்காமயே கோவப்படுற ஆளு நான். கேளுங்க."

"ரெண்டு வருசமா நீங்க என்னைய ஒரு தடவைகூட அண்ணேன்னு கூப்பிடலைங்க. டிரைவரைக் கூப்பிடுறீங்க, பக்கத்து சீட்டு ஆளைக் கூப்பிடுறீங்க. என்னைய மட்டும் 'ஏங்க'ங்குறீங்க. அதான் எனக்குக் கேக்க தைரியம் வந்துச்சு."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கையிலிருந்த டிக்கெட்டை நாலாக மடித்தேன்.

"மக கிட்டயும் சொல்லிட்டேன். அதுக்கு சம்மதம்தான். நீங்க இப்பச் சொல்ல வேணாம். நாளைக்கு, நாளைக் கழிச்சு எனக்கு லீவு. ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு போன் போடுவேன். மிஸ்டு கால் இல்ல, நெசமான கால். சம்மதம்னா எடுங்க. இல்லைன்னா அடிச்சு ஓயட்டும். வேணாம்னு உங்க வாயால சொல்ல வேணாம், எனக்கும் அதைக் கேக்க வேணாம். அதுக்கப்புறம் என்னால ஒரு தொந்தரவும் இருக்காது."

இதைச் சொல்லிவிட்டு விசிலை ஊதினார். நிறுத்தமே இல்லாத இடத்தில் டிரைவர் பிரேக் போட்டார்.

அன்று இரவு சாப்பிடவில்லை. யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை, பதில் எனக்கு எப்போதோ தெரியும். பத்து மணிக்கு எடுத்ததும் என்ன சொல்வது என்பதுதான் யோசனையாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் தம்பியின் சிநேகிதன் ஒருவன் வீடு தேடி வந்து ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே புது போன். என் பழைய போனில் திரை விரிசல் விட்டு, வீடியோவில் என் முகம் இரண்டாகத் தெரிகிறது என்று முத்துக்குமரனுக்குக் கவலை. உடனே வாட்ஸப்பில் வந்தான்.

"அக்கா, இது இங்க ஒரு கம்பெனி சிம் மட்டும்தான் போடணும்னு பூட்டி வித்த போன். நான் பூட்டைத் தொறந்துட்டேன். இனிமே எந்த ஊரு சிம்மும் போடலாம். இப்பவே மாத்திரு."

வேறு நாளாக இருந்தால், பிறகு பார்க்கலாம் என்று பீரோவில் வைத்திருப்பேன். அன்று மாற்றினேன். காரணம் வேறு. பழைய போனில் ஸ்பீக்கர் கரகரவென்று இருக்கும், பாதி வார்த்தை விழுங்கிவிடும். நாளைக்கு அவர் சொல்வதில் ஒரு வார்த்தைகூட விடாமல் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஆசையில்தான் சிம்மை மாற்றினேன். புது போனில் சிக்னல் நாலு கோடும் நிறைந்து நின்றது. வாட்ஸப் ஓடியது, யூடியூப் ஓடியது, தம்பி முகம் பக்கத்தில் நிற்கிற மாதிரி தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே தலைக்குக் குளித்தேன். போனில் பேசுவதற்கு எதற்குத் தலைக்குக் குளிக்கிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டு குளித்தேன். ஒன்பதே முக்காலுக்குப் போனை மேஜைமேல் வைத்து எதிரில் உட்கார்ந்தேன். தறி ஓடாத நாள், தெருவே அமைதியாக இருந்தது. பத்து ஆனது. பத்து ஐந்து. பத்தேகாலுக்குப் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தால், முத்துக்குமரன் வீடியோவில் சிரிக்கிறான்.

"போனு எப்படிக்கா இருக்கு?"

"வைடா! எனக்கு முக்கியமான போன் வரணும்."

பாவம், முகம் சுருங்கிப்போய் வைத்தான். பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. பத்து மணி என்று அவர் சொன்னது ராத்திரி பத்தாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன். காலை என்று அவர் தெளிவாகச் சொன்னது காதிலேயே இருந்தும் அப்படி நினைத்தேன். நானே கூப்பிடலாம் என்று அந்த நம்பரை எடுத்து, பச்சைப் பொத்தான்மேல் விரலை வைத்து, மூன்று தடவை எடுத்துவிட்டேன். கூப்பிடுகிறேன் என்று சொன்னவர் கூப்பிடவில்லை, அவர் மனசு மாறியிருக்கும், நாம் போய் நிற்பதா என்று ரோஷம் வந்துவிட்டது. எனக்கு வேறு எதில் குறை இருந்தாலும் ரோஷத்தில் குறை கிடையாது.

திங்கட்கிழமை ஏழு நாற்பதுக்கும் போன் அடிக்கவில்லை. தெருமுனையில் முன்போல வெயிலில் நின்று வண்டி ஏறினேன். ஜன்னலோரத்தில் யாரோ ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். படியில் ஒரு புது ஆள் பையோடு நின்றார்.

"பால்பாண்டி அண்ணன் இன்னைல இருந்து சோழவந்தான் வண்டிக்கு மாறிக்கிட்டாரு மேடம். கோச்சடை வழியா போற வண்டி. அவரா கேட்டு வாங்கிட்டுப் போனாரு" என்றார்.

"ஒரு அலங்காநல்லூர் குடுங்க அண்ணே" என்றேன். அண்ணே என்பதை வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

கூப்பிடாமலே ஓடிப்போன மனுஷனை என்னவென்று சொல்வது? அன்று ரத்தம் கொடுக்க வந்தவர்கள் எல்லாம் திட்டு வாங்கினார்கள். செவ்வாயும் புதனும் அப்படியே போயின. ஏழு நாற்பது ஆனால் நான் வேண்டுமென்றே போனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கோபம் இருக்கும்வரை பரவாயில்லை. புதன்கிழமை சாயங்காலம் திரும்பி வரும்போது சிக்கந்தர்சாவடியில் இரண்டு பேர் இறங்கினார்கள். அப்போது அந்தக் கோபமும் போய்விட்டது. அவர் பிடித்து நின்ற கம்பியைப் பார்த்து அழுதேன். ஒரு துண்டுக்கும் ஒரு மணி ஓசைக்கும் இப்படி ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரையும் திட்டியிருப்பேன்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். கேஸ் தீர்ந்து மூன்று நாள் ஆகியும் சிலிண்டர் வரவில்லை. காலை ஒன்பது மணிக்கு, சிலிண்டர் போடுகிற விருமாண்டி படியேறி வந்து வாசலில் இறக்கிவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னக்கா நீங்க? மூணு நாளா கூப்பிடுறேன், எப்பப் பாத்தாலும் சுவிட்ச் ஆஃப். வந்து பூட்டுன வீட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போறேன். இம்புட்டு தூரம் தூக்கிட்டு வர்றதுன்னா சும்மாவா?"

"என் போன் ஒரு நிமிசம்கூட ஆஃப்ல இல்ல. இந்தா, கையிலதான இருக்கு."

"அப்ப இதக் கேளுங்க."

அவர் தன் போனிலிருந்து என் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரைத் திறந்தார். நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. என் உள்ளங்கையில் என் போன் நாலு கோட்டோடு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதே நேரத்தில், யாரோ அனுப்பிய காலை வணக்கம் ரோஜாப்பூவோடு அதில் வந்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவர் இந்தக் குரலைத்தான் கேட்டாரா?

பழைய போனைத் தேடி எடுத்துக்கொண்டு தமிழ்மாறன் கடைக்கு ஓடினேன். எங்கள் தெருவில் போன் ரிப்பேர் பார்க்கிறவர். புது போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பூட்டு தொறந்துதான்க்கா இருக்கு. போன்ல குத்தமில்ல. ஆனா உங்க சிம் கம்பெனி இந்த மாடலைத் தன் லிஸ்ட்டுல சேக்கல. நெட்டைக் குடுக்குறான், போன் காலைக் குடுக்க மாட்டேங்குறான்."

"எந்த சிம்மும் போடலாம்னு தம்பி சொன்னானே?"

"போடலாம்க்கா. யாரு வேணாம்னா? உள்ள ஏத்திக்கும், பேச விடாது."

"அப்ப தம்பிகூடத் தெனமும் பேசுறேனே?"

"அது வாட்ஸப்பு, நெட்டுல வருது. வாட்ஸப்பு இல்லாத ஆளு யாராச்சும் கூப்பிட்டாத்தான் இது தெரியும். இன்னைக்கு வாட்ஸப்பு இல்லாத ஆளு யாருக்கா இருக்கா?"

இருக்கிறார். எண்ணெல்லாம் தேய்ந்துபோன பொத்தான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரே ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவில் இருக்கிறவன் கூப்பிட்டால் வருகிற போனுக்கு, சிம்மக்கல்லில் இருந்து கூப்பிட்டால் வரத் தெரியவில்லை.

தமிழ்மாறன் சிம்மைக் கழற்றிப் பழைய போனில் போட்டார். விரிசல் விட்ட திரை மெதுவாக உயிர் பெற்றது. பிறகு தேங்கி நின்ற மெசேஜ் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழத் தொடங்கின. உங்களுக்கு ஒரு தவறிய அழைப்பு, இந்த எண்ணிலிருந்து, இந்த நேரத்தில். விருமாண்டியின் நம்பர் கொஞ்சம். மற்றதெல்லாம் அந்த நம்பர். தம்பியின் நம்பர் எனக்கு மனப்பாடம் கிடையாது, அது மனப்பாடம்.

ஞாயிறு காலை 10:00. 10:02. 10:15. 10:40. மதியம் 1:10.

அடித்து ஓயட்டும் என்று சொன்ன மனுஷனுக்கு ஒரு மணிகூட அடிக்கவில்லை. நான் போனையே அணைத்து வைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். அதற்குமேல் ஒரு பெண் எப்படி வேண்டாம் என்று சொல்வாள்? தொந்தரவு இருக்காது என்று வாக்குக் கொடுத்திருந்தார், வண்டி மாறிப் போய்விட்டார். அதெல்லாம் எனக்குப் புரிந்தது. அதற்கடுத்த மூன்று மெசேஜ்களைப் பார்த்ததும்தான் கடையில் நிற்க முடியாமல் போனது.

திங்கள் காலை 7:40. செவ்வாய் காலை 7:40. புதன் காலை 7:40.

சோழவந்தான் வண்டியில் இருந்துகொண்டு எனக்கு எதற்கு ஏழு நாற்பது? எந்த வண்டி வருகிறது என்று சொல்ல அந்த மணி? என்னைப் போலவே அவருக்கும் அந்த நேரத்தில் கை சும்மா இருக்கவில்லை.

வியாழக்கிழமைக்கு மெசேஜ் இல்லை. இரண்டு தடவை தேடிப் பார்த்தேன், இல்லை. இன்று காலை அவர் விட்டுவிட்டார்.

"அக்கா, புது போனை விட்டுட்டுப் போறீங்க" என்று தமிழ்மாறன் கத்தியது கேட்டது. நான் ஷேர் ஆட்டோவில் ஏறியிருந்தேன். ஆற்றைத் தாண்டி, அரப்பாளையத்தில் மாறி, கோச்சடை நிறுத்தத்தில் இறங்கும்போது பதினொன்றே முக்கால். எனக்குக் கோச்சடையில் ஒரு வேலையும் கிடையாது. வீட்டில் இருந்த பழம்புடவையோடு வந்திருக்கிறேன் என்பதே அங்கே இறங்கிய பிறகுதான் தெரிந்தது. பூக்கடைக்கார அம்மாவிடம் சோழவந்தான் வண்டி எப்போது என்று கேட்டேன். பன்னிரண்டு இருபதுக்கு ஒன்று வரும் என்றார்.

பன்னிரண்டு ஐந்துக்குப் போனை எடுத்தேன். இந்தத் தடவை விரலை எடுக்கவில்லை. ஒரு மணி அடித்ததும் வைத்துவிட்டேன். இரண்டு வருடத்தில் நான் அவருக்குக் கொடுத்த முதல் மிஸ்டு கால்.

ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம். டிக்கெட் போட்டுக்கொண்டிருப்பார், கேட்டிருக்காது. அல்லது கேட்டிருக்கும், எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டிருப்பார். மூன்றாவது நிமிஷம் என் கையில் போன் அதிர்ந்தது. விரிசலுக்கு நடுவே 'அலங்காநல்லூர் வண்டி' என்று எழுத்து வந்தது. ஒரு மணி அடித்தது. இரண்டாவது மணி அடிக்கும்வரை பொறுக்க என்னால் முடியவில்லை.

எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் மட்டும் கரகரத்தது.

"நான் ஆஃப் பண்ணி வைக்கலைங்க" என்றேன். "போன்தான் சரியில்ல. ஞாயித்துக்கெழம பத்து மணில இருந்து அதுக்கு முன்னாடியேதான் உக்காந்திருந்தேன்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஏங்க, வண்டி எங்க வருது?" என்று கேட்டேன்.

"காளவாசல் தாண்டிருச்சுங்க." குரல் கரகரத்தது. அது ஸ்பீக்கரா அவரா என்று தெரியவில்லை. "நீங்க எங்க இருக்கீங்க?"

"கோச்சடை ஸ்டாப்புல."

"இது சோழவந்தான் போற வண்டிங்க."

"எங்க போனா என்ன? சீட்டு போட்டு வைங்க. வாரேன்."

பன்னிரண்டே காலுக்கே பச்சை வண்டி முனை திரும்பி வந்தது. நல்ல கூட்டம். படியில் ஆள் தொங்கியது, உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். இரண்டாவது வரிசை ஜன்னலோரம் மட்டும் காலியாக இருந்தது, அதில் சிவப்புத் துண்டு கிடந்தது. நாலு பெண்கள் சேர்ந்து அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். நிக்க எடமில்லாம நாங்க நசுங்குறோம், இவரு துண்டுக்கு சீட்டுப் போட்டு வச்சிருக்காரு என்று ஒருத்தி கத்தினாள்.

"ஆள் வருதும்மா, ஆள் வருது" என்று அவர் கெஞ்சுவது ரோட்டில் நின்ற எனக்குக் கேட்டது.